ஃபிக்ஸரை பிரிண்ட் போடுங்கள், பிடிமானத்தை இரும்பிடம் விடுங்கள்

வி.எம்.சி. (கம்ப்யூட்டர் கட்டளைப்படி வெட்டும் மில்லிங் மெஷின்) வைத்து ஜாப் ஒர்க் செய்கிறவர்களுக்கு இந்த நிலைமை பழக்கமானதுதான். பம்ப் கம்பெனியிலிருந்தோ மோட்டார் கம்பெனியிலிருந்தோ அலுமினிய காஸ்டிங் வருகிறது, நான்கு ஓட்டை போட்டு டேப் அடித்து (மரை வெட்டி) கொடுக்க வேண்டும், எண்ணிக்கை முந்நூறோ நானூறோ. வேலை ஒன்றும் பெரிதில்லை. ஆனால் சுற்றிலும் வளைவும் காதும் ரிப்புமாக இருக்கிற அந்த ஜாபை வைஸில் பிடிக்க வழியில்லை, அதை அசையாமல் பிடித்து நிறுத்தும் ஃபிக்ஸர் செய்து தரச் சொல்லி டூல் ரூமுக்குப் போனால் அவர்கள் கேட்கும் காசு இந்த ஆர்டரில் நமக்கு நிற்கும் லாபத்தைத் தின்றுவிடும், அதுவும் கைக்கு வர இரண்டு மூன்று வாரம் ஆகும். பலர் இந்த இடத்தில் கிடைத்த கட்டையையும் ஸ்டெப் கிளாம்பையும் வைத்து ஒப்பேற்றப் பார்ப்பார்கள், பீஸுக்குப் பீஸ் ஓட்டை தள்ளிக்கொண்டே போகும்.

இதற்கு 3டி பிரிண்டர் நல்ல தீர்வு. உருக்கிய பிளாஸ்டிக் இழையை அடுக்கடுக்காகப் போடும் இந்த முறைக்கு ஸ்காட் கிரம்ப் 1989-இல் விண்ணப்பித்து வாங்கிய காப்புரிமை 2009-இல் முடிந்தது. அதன் பிறகுதான் விலை சரிந்து, இன்றைக்கு ஒரு நல்ல வைஸ் வாங்கும் காசுக்குள் பிரிண்டர் வந்துவிடுகிறது. ஆனால் பிரிண்டர் வாங்கிய உடனே பலரும் செய்வது என்னவென்றால், இரும்பில் செய்ய வேண்டிய ஃபிக்ஸரை அப்படியே பிளாஸ்டிக்கில் பிரிண்ட் போட்டு, மெஷினில் மாட்டி, முதல் நாளே அது நசுங்கியோ ஆடியோ போனதும் "இதெல்லாம் பொம்மை செய்யத்தான் லாயக்கு" என்று ஓரமாக வைத்துவிடுகிறார்கள். கோளாறு பிரிண்டரில் இல்லை. எந்தப் பகுதி பிளாஸ்டிக், எந்தப் பகுதி இரும்பு என்று பிரிக்காமல் விட்டதில் இருக்கிறது. இந்தக் கட்டுரை முழுக்க அந்தப் பிரிவினையைப் பற்றித்தான்.

எந்த வேலைக்கு ஆகும், எதற்கு ஆகாது

போர்ச்சுகலில் இருக்கும் ஃபோக்ஸ்வாகன் ஆட்டோயூரோப்பா ஆலையை எல்லாரும் உதாரணம் காட்டுவார்கள். அங்கே டெஸ்க்டாப் பிரிண்டர்களை வைத்து அசெம்ப்ளி லைனுக்கான ஜிக்குகளைப் போட்டார்கள், சக்கரம் மாட்டும்போது கீறல் விழாமல் காக்கும் ஒரு கருவி வெளியில் வாங்கினால் 800 யூரோ, பிரிண்ட் போட்டால் 21 யூரோ என்று பிரிண்டர் தயாரித்த அல்ட்டிமேக்கர் நிறுவனம் கணக்குக் காட்டியது. உண்மைதான், ஆனால் அது அசெம்ப்ளி. அங்கே கட்டர் இல்லை, வெட்டு விசை இல்லை, வெட்டும்போது வரும் சூடான சுருள் இல்லை. அசெம்ப்ளி, பிசிறு எடுப்பது, லேசர் மார்க்கிங், சி.எம்.எம். என்ற அளவு மெஷினில் வைத்து அளப்பது, இதற்கெல்லாம் முழு பிளாஸ்டிக்கே போதும், இரும்பு தேவையே இல்லை. புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் இங்கிருந்து ஆரம்பியுங்கள், மெஷினில் மாட்டுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த படி ட்ரில்லிங், டேப்பிங், சாம்ஃபரிங் (விளிம்பைச் சரிவாக வெட்டுவது), லேசான ஃபினிஷிங். விசை பெரும்பாலும் கீழ் நோக்கி இருப்பதால் ஜாபை ஃபிக்ஸர் மேலேயே அழுத்துகிறது, அது நமக்குச் சாதகம். இரும்பில் 63 மி.மீ. ஃபேஸ் மில் ஓட்டுவது, வெல்டிங் ஃபிக்ஸர், டர்னிங்கில் வேகமாகச் சுற்றும் சக்கில் மாட்டுவது, இதெல்லாம் வேண்டாம். முடியுமா என்று யோசிக்கக்கூட வேண்டாம்.

ஒரு சின்னக் கணக்கு

ஏன் பிளாஸ்டிக் மேல் நேரடியாக கிளாம்ப் போடக் கூடாது என்பதற்கு ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம், அப்புறம் யாரும் சொல்லாமலே புரிந்துவிடும்.

எம்8 போல்ட்டை (8 மி.மீ. மரை) 10 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கினால், அது சாதாரண ஸ்பானரில் கை பலமாக முறுக்குவதை விடக் குறைவுதான், சுமார் 6,000 நியூட்டன் இழுவிசை வரும். ஸ்ட்ராப் கிளாம்பில் போல்ட் நடுவில் இருந்தால் அதில் பாதி ஜாபுக்கும் பாதி பின்பக்கக் கட்டைக்கும் போகும். ஆக ஜாப் மேல் 3,000 நியூட்டன், கிட்டத்தட்ட 300 கிலோ. இப்போது ஜாபுக்கு அடியில் 20-க்கு 20 மி.மீ. அகலமும் 40 மி.மீ. உயரமும் உள்ள, பெட்ஜி என்ற பிரிண்டர் பிளாஸ்டிக்கில் போட்ட தூண் ஒன்று நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்ஜியின் விறைப்பு சுமார் 2 ஜிகாபாஸ்கல், எஃகு 200, அதாவது நூறு மடங்கு வித்தியாசம். 3,000-ஐ 400 சதுர மி.மீ.யால் வகுத்தால் 7.5 மெகாபாஸ்கல், அந்தத் தூண் உள்ளே முழுக்க நிரம்பியதாக இருந்தாலே 0.15 மி.மீ. அமுங்கும். உள்ளே பாதி காலியாக பிரிண்ட் போட்டிருந்தால் இன்னும் மோசம். அதே இடத்தில் 16 மி.மீ. எம்.எஸ். (சாதாரண மென் எஃகு) ராடை 40 மி.மீ.க்கு வெட்டி நிறுத்தினால் அமுங்குவது 3 மைக்ரான்.

0.15 எங்கே, 0.003 எங்கே. அது மட்டுமில்லை, பிளாஸ்டிக் ஒரேயடியாக அமுங்கி நின்றுவிடாது, அழுத்தத்திலேயே வைத்திருந்தால் மெதுவாக ஊர்ந்துகொண்டே இருக்கும். காலையில் இறுக்கிய போல்ட் சாப்பாட்டு நேரம் முடிந்து வரும்போது லேசாகக் கழன்ற மாதிரி இருக்கும், ஆபரேட்டர் மறுபடி ஒரு முறுக்கு முறுக்குவார், இன்னும் கொஞ்சம் அமுங்கும். பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் இதில் பெயர் போனது.

ஆகவே விதி இதுதான்: கிளாம்ப் அழுத்தும் இடத்திலிருந்து மெஷின் டேபிள் வரை விசை போகும் வழி முழுக்க இரும்பாக இருக்க வேண்டும். ஜாபைச் சரியான திசையில் உட்கார வைப்பது, தப்பாக மாட்ட விடாமல் தடுப்பது, ரிப்புக்கும் காதுக்கும் இடம் விடுவது, சுருள் வெளியேற வழி செய்வது, இந்த வடிவ வேலையெல்லாம் பிளாஸ்டிக்குக்கு. இரும்பில் நேரமும் காசும் தின்பது இந்த வடிவங்கள்தான். சும்மா நான்கு ஓட்டை உள்ள தட்டையும் ராடையும் நம் மெஷினிலேயே அரை நாளில் முடித்துவிடலாம்.

ஒரு ஜாபை எடுத்துக்கொள்வோம்

அலுமினிய டை காஸ்டிங்கில் வந்த மோட்டார் எண்ட் கவர். 6202 பேரிங் உட்காரும் 35 மி.மீ. போரும் அதைச் சுற்றியுள்ள விளிம்பு முகமும் சி.என்.சி. லேத்தில் ஏற்கெனவே கடைந்து வந்திருக்கிறது. வெளிப்பக்கத்தில் 56 மி.மீ. பி.சி.டி.யில் (ஓட்டைகளின் மையம் விழும் வட்டத்தின் விட்டம்) நான்கு எம்6 டேப் அடிக்க வேண்டும். விளிம்பில் 120 டிகிரிக்கு ஒன்றாக மூன்று காது.

முதலில் டேட்டம், அதாவது எந்த முகத்தை ஆதாரமாக எடுப்பது என்பது. 3டி மாடல் கையில் இருக்கிறது என்பதற்காக கம்ப்யூட்டர் முன் உட்கார வேண்டாம், ஜாபைக் கையில் எடுத்து ஒரு மார்க்கர் பேனாவோடு உட்காருங்கள். எந்த முகம் கடைந்தது, எந்த முகம் கரடாக வந்தது, டை இரண்டும் சேரும் கோடு எங்கே ஓடுகிறது, கேட் (உலோகம் உள்ளே பாய்ந்த வாய்) உடைத்த தடம் எங்கே, ஜாபை டையிலிருந்து தள்ளிய எஜெக்டர் பின் தடம் எங்கே என்று எல்லாவற்றையும் குறியுங்கள். சேரும் கோட்டின் மேலோ கேட் தடத்தின் மேலோ எந்த லொகேட்டரும் (ஜாபை இடத்தில் நிறுத்தும் பகுதி) உட்காரக் கூடாது, ஏனென்றால் அங்கேதான் பீஸுக்குப் பீஸ் மாறும், டை தேயத் தேய இன்னும் மாறும்.

மூன்று, இரண்டு, ஒன்று என்று டிப்ளமோவில் படித்த அதே விதிதான் இங்கேயும், ஜாபை ஆறே இடத்தில் தொட்டு நிறுத்துவது. கடைந்த விளிம்பு முகம் மூன்று பேடின் மேல் உட்காரும், அது மூன்று. பேரிங் போருக்குள் ஒரு ப்ளக் நுழையும், அது இரண்டு. ஒரு காதின் பக்கவாட்டில் ஒரு ஸ்டாப் பின், சுற்றாமல் நிறுத்துவதற்கு, அது ஒன்று. ஆறு முடிந்தது. இதற்கு மேல் ஏழாவதாக எதையாவது தொட வைத்தால் ஜாப் எதன் மேல் உட்காருகிறது என்று யாருக்கும் தெரியாது. பிரிண்டரில் எந்த வடிவம் வேண்டுமானாலும் வரும் என்பதால் ஜாபின் முழு வடிவத்தையும் அச்சு எடுத்த மாதிரி குழித்து உட்கார வைக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். திரையில் பார்க்க அருமையாக இருக்கும், காஸ்டிங் கால் மி.மீ. பெரிதாக வந்தால் உட்காராது, சின்னதாக வந்தால் ஆடும், இரண்டுக்கும் நடுவே வந்தால் அடியில் ஒரு சுருள் மாட்டிக்கொண்டு சாயும். ஆக எல்லாப் பக்கமும் 1 மி.மீ.க்குக் குறையாமல் இடைவெளி விட்டு, தொட வேண்டிய ஆறு இடத்தில் மட்டும் தொட வையுங்கள்.

பேடுகளை எங்கே வைப்பது என்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. ட்ரில் அழுத்தும் இடம் மூன்று பேடும் சேர்ந்து போடும் முக்கோணத்துக்கு உள்ளே விழ வேண்டும், வெளியே விழுந்தால் ஜாப் எதிர்ப்பக்கம் தூக்கப் பார்க்கும். இந்த கவரில் காதுகள் 120 மி.மீ. வட்டத்தில் இருக்கின்றன. அந்த மூன்று இடத்திலும் பேடு வைத்தால் முக்கோணத்துக்குள் அடங்கும் பெரிய வட்டம் 60 மி.மீ. விட்டம், நம் ஓட்டைகள் 56-இல், உள்ளே விழுகின்றன. கிளாம்ப் அழுத்துவதும் பேடுக்கு நேர் மேலே, காதின் மேல். நடுவில் ஒரு ஸ்டட் நிறுத்தி சி வாஷர் போட்டு ஒரே நட்டில் முடித்துவிடலாமே என்று தோன்றும், மாட்டிக் கழற்றுவதும் சுலபம்தான், ஆனால் தாங்குவது ஓரத்தில், அழுத்துவது நடுவில் என்றால் மெல்லிய கவர் குழிந்து, கழற்றியதும் நிமிர்ந்துகொள்ளும். அப்புறம் டேப் அடித்த ஓட்டைகள் சாய்ந்திருக்கின்றன என்று க்வாலிட்டியிலிருந்து போன் வரும்.

முதலில் ஒரு மெல்லிய துண்டு

முழு ஃபிக்ஸரையும் வரைந்து இரவு முழுக்க பிரிண்ட் போட்டு, காலையில் வந்து பார்த்தால் ஒரு ரிப் இடிக்கிறது என்று தெரிவது வீண் வேலை. ஜாப் தொடும் மட்டத்தில் 4 மி.மீ. கனத்துக்கு ஒரு துண்டை மட்டும் மாடலிலிருந்து வெட்டியெடுத்து, மலிவான பி.எல்.ஏ.வில், வேகமான செட்டிங்கில் போடுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். அதன் மேல் ஐந்தாறு காஸ்டிங்கை மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள், ஒரே லாட்டிலிருந்து எடுக்காமல் வேறு வேறு பெட்டியிலிருந்து எடுங்கள். இடிக்கும் இடத்தில் மார்க்கரால் கோடு போட்டு, மாடலில் திருத்தி, மறுபடி ஒரு துண்டு. ராபிட் ப்ரோட்டோடைப்பிங் (மாதிரியை வேகமாகப் போட்டுப் பார்ப்பது) என்பதன் உண்மையான லாபம் இந்த இடத்தில்தான், இரும்பில் இப்படி இரண்டு மூன்று முறை வெட்டிப் பார்க்க யாருக்கு மனசு வரும்?

வரைவதற்கு ஃப்ரீகேட் என்ற மென்பொருள் போதும், காசும் கிடையாது. ஃப்யூஷன், சாலிட்வொர்க்ஸ் தெரிந்தவர்கள் அதிலேயே செய்யலாம். ஃப்யூஷனின் இலவச உரிமம் தனிப்பட்ட உபயோகத்துக்கு உள்ளது, தொழிலுக்கு எடுத்துக்கொள்ளும் முன் நிபந்தனையைப் படித்துக்கொள்ளுங்கள். கம்பெனியிலிருந்து மாடல் தரவில்லை, படம் மட்டும்தான் தந்தார்கள் என்றால் தொடும் ஆறு இடத்தை மட்டும் அளந்து வரைந்தால் போதும், மற்ற இடங்களுக்குத் தாராளமாக இடைவெளி விட்டுவிடலாம். ஸ்கேனர் வாங்க வேண்டியதில்லை.

இரும்பு வேலை

அடியில் 12 மி.மீ. எம்.எஸ். தட்டு, 180-க்கு 180, இரண்டு முகமும் சமமாக. டேபிளில் டி-நட் போட்டு இறுக்க ஓரத்தில் ஸ்லாட். நடுவில் ப்ளக்குக்கு ஒரு போர். ப்ளக்கை இ.என்.8 என்ற எஃகில் கடைந்துகொள்ளுங்கள், போர் 35 எச்7 (35-க்குக் கீழே போகாத அளவு வரம்பு) என்றால் ப்ளக் 34.98-ஐ ஒட்டி இருக்கலாம். போருக்குள் நுழையும் நீளம் ஐந்தாறு மி.மீ.க்கு மேல் வேண்டாம், முனையில் நல்ல சரிவு கொடுங்கள். நீளமான ப்ளக்கில் அலுமினிய ஜாப் கொஞ்சம் சாய்ந்து நுழைந்தால் போதும், இறுகிக்கொண்டு வராது, ஆபரேட்டர் ஸ்க்ரூடிரைவர் போட்டு நெம்புவார், பேரிங் போரில் கீறல் விழும். நான்கு ஓட்டைகளும் போரை வைத்துத்தான் அளக்கப்படும் என்பதால் ப்ரோக்ராம் ஜீரோவும் ப்ளக் சென்டரிலேயே இருக்கட்டும்.

பேடுகள் மூன்றும் 16 மி.மீ. எம்.எஸ். ராடு, அடியில் எம்6 டேப் அடித்துத் தட்டுக்கு கீழிருந்து போல்ட். உயரம் தேவையானதை விட அரை மி.மீ. கூடுதலாக விடுங்கள், காரணம் பின்னால் வரும். ஸ்டாப் பின்னுக்கு 8 மி.மீ. டவல் பின் (துல்லியமான எஃகுப் பின்), அதுவும் தட்டிலேயே ரீமர் அடித்து (ஓட்டையைச் சரியான அளவுக்குத் திறந்து) ஏற்றுவது நல்லது. எதிர்ப்பக்கம் ஒரு ஸ்ப்ரிங் ப்ளஞ்சர் காதை ஸ்டாப்பின் மேல் தள்ளி வைத்திருக்கட்டும், அதற்கு விசை குறைவு என்பதால் அதைப் பிளாஸ்டிக்கிலேயே மாட்டலாம்.

பிரிண்ட்

இப்போது மிச்சம் இருப்பது பிளாஸ்டிக் உடல். 160 மி.மீ. சதுரம், பேட் ராடுகள் உள்ளே நுழைந்து நிற்க 17 மி.மீ. ஓட்டைகள், காதுகள் உட்காரும் பள்ளங்கள், ஸ்ட்ராப் கிளாம்பின் பின்பக்கம் நிற்க மூன்று மேடை. அந்த மேடைகளுக்குள்ளும் ஒரு ராடு இறங்க வேண்டும், பாதி விசை அங்கேயும் போகிறது என்பதை மறக்காதீர்கள். இந்த அளவு சாதாரண 220 மி.மீ. பெட் (பிரிண்ட் போடும் தளம்) உள்ள பிரிண்டரிலேயே அடங்கும்.

பொருள் என்றால் என் ஓட்டு பெட்ஜிக்கு. பி.எல்.ஏ. விறைப்பில் அதைவிட ஒரு படி மேல், பிரிண்ட் போடவும் சுலபம், ஆனால் 60 டிகிரியை ஒட்டித் தளர ஆரம்பித்துவிடும். சித்திரை மாதத்தில் தகர ஷெட்டுக்குள், அதுவும் ஜன்னல் ஓரத்தில் வெயில் படும்படி வைத்தால், கோணிப்போகும். பெட்ஜி 80 டிகிரி வரை தாங்கும், தண்ணீரில் கலக்கும் கூலன்ட்டுக்கும் அசைந்து கொடுக்காது. ஏ.பி.எஸ். 100 டிகிரியை ஒட்டியும் தாங்கும், ஆனால் மூடிய பிரிண்டர் இல்லாவிட்டால் மூலை தூக்கிக்கொள்ளும், அசிட்டோன் பட்டால் கரையும். கார்பன் ஃபைபர் கலந்த நைலான் பிரமாதமான பொருள்தான், விலையும் அப்படியே, ஈரத்தை உறிஞ்சினால் தளர்ந்து அளவும் மாறும். விசையை இரும்பிடம் கொடுத்துவிட்ட பிறகு இவ்வளவு விலை கொடுக்க அவசியமில்லை.

செட்டிங்கில் எல்லாரும் இன்ஃபில்லை (உள் நிரப்பலை) 100 சதவீதம் வைப்பார்கள். அது நேரத்தையும் பொருளையும்தான் தின்னும், சுவர் கனம்தான் பலம் தருவது. 0.4 மி.மீ. நாசிலில் ஆறு சுவர், மேலும் கீழும் ஆறு லேயர், இன்ஃபில் ஜைராய்டு என்ற வடிவத்தில் 35 முதல் 40 சதவீதம், லேயர் உயரம் 0.2-இலிருந்து 0.28 வரை. இது போதும். நாசில் 240 டிகிரி, பெட் 75 அல்லது 80, ஆனால் பெட்ஜி வெறும் கண்ணாடி பெட்டில் ஒட்டிக்கொண்டு கண்ணாடியையே பெயர்த்துக்கொண்டு வரும், பி.இ.ஐ. என்ற பிளாஸ்டிக் பூசிய சொரசொரப்பான தகடு பாதுகாப்பு. மழைக்காலத்தில் இழையை 65 டிகிரியில் நாலைந்து மணி நேரம் உலர்த்திவிட்டுப் போடுங்கள், ஈரமான இழை நாசிலில் படபடவென்று பொரியும், அந்த பிரிண்டில் லேயர்கள் சரியாக ஒட்டியிருக்காது.

எந்தப் பக்கம் படுக்க வைத்து பிரிண்ட் போடுகிறோம் என்பது முக்கியம். லேயருக்கும் லேயருக்கும் நடுவே உள்ள ஒட்டுதான் பலவீனமான இடம். மேலிருந்து அழுத்தும் விசை அதை நெருக்கிப் பிடிக்கும், தப்பில்லை. பக்கவாட்டில் நெம்பும் விசை அந்த இடத்தில்தான் பிளக்கும். உயரமாக, மெல்லியதாக எழும் சுவரோ கொக்கியோ டிசைனில் இருந்தால் அதைத் தனித் துண்டாகப் படுக்க வைத்து பிரிண்ட் போட்டு, போல்ட் போட்டு இணையுங்கள்.

ஓட்டைகள் பிரிண்டில் எப்போதும் 0.1 முதல் 0.3 வரை சின்னதாகத்தான் வரும். அளவு முக்கியமான ஓட்டையை வேண்டுமென்றே சின்னதாக வரைந்து ட்ரில் அல்லது ரீமரில் திறந்துகொள்ளுங்கள், கையால், மெதுவாக, ஏனென்றால் வேகமாகச் சுற்றினால் பிளாஸ்டிக் உருகி ரீமரில் சுற்றிக்கொள்ளும். முதல் லேயர் பெட்டில் அமுங்கி வெளியே பிதுங்கியிருக்கும், அதனால் அடி விளிம்பு முழுக்க அரை மி.மீ. சாம்ஃபர் மாடலிலேயே போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் உடல் தட்டில் சமமாக உட்காராது.

மரை வேண்டிய இடத்தில் பிளாஸ்டிக்கிலேயே டேப் அடிக்காதீர்கள், நான்கு முறை கழற்றி மாட்டினால் போய்விடும். பித்தளை இன்சர்ட்டை (உள்ளே மரை உள்ள சின்னக் குழாய்) சால்டரிங் அயர்னால் சூடாக்கி இறக்கலாம். அதிலும், இழுக்கும் திசைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து இறக்கினால் போல்ட் இறுக்க இறுக்க இன்சர்ட் உள்ளே இழுபடும், வெளியே பிடுங்கிக்கொண்டு வராது. உடலைத் தட்டோடு சேர்க்கும் போல்ட்டுகளுக்கு இன்சர்ட்கூட வேண்டாம், மேலிருந்து துளைத்துக்கொண்டு போய் இரும்புத் தட்டின் மரையில் இறங்கட்டும், தலைக்கடியில் அகலமான வாஷர் போடுங்கள்.

இன்னும் ஒன்று, மாடலிலேயே செய்ய வேண்டியது. அடியில் தேங்கும் கூலன்ட்டும் சுருளும் வெளியேறச் சரிவான வாய்க்கால். மூடிய பள்ளம் எதுவும் இருக்கக் கூடாது. பேடைச் சுற்றி ஒரு 3 மி.மீ. பள்ளம் விட்டால் சின்னச் சுருள் பேடின் மேல் நிற்காமல் அதில் விழும். காதை தப்பான திசையில் வைத்தால் இடிக்கும்படி ஒரு சின்னக் குமிழ். ஏர் கன் முனை நுழைய இடம். ஜாபை எடுக்கும்போது விரல் நுழைய இரண்டு பக்கமும் குழிவு. கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுவார்கள், நானூறு பீஸ் மாட்டிக் கழற்றுகிறவருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

மெஷினில் மாட்டி ஒரு ஸ்கிம்

எல்லாவற்றையும் சேர்த்து தட்டை டேபிளில் ஏற்றி இறுக்கிய பிறகு, ப்ளக்கை டயல் (நுண்ணளவு காட்டும் கருவி) வைத்து சென்டர் எடுங்கள். பேடுகளில் அரை மி.மீ. கூடுதலாக விட்டோம் இல்லையா, அதை இப்போது அதே செட்டிங்கில் ஒரு எண்ட் மில்லால் மூன்றையும் ஒரே உயரத்துக்கு ஸ்கிம் (மேலாக ஒரு மெல்லிய வெட்டு) செய்யுங்கள். தட்டில் இருந்த கோணல், ராடு வெட்டியதில் இருந்த வித்தியாசம், எல்லாம் இந்த ஒரு பாஸில் போய்விடும். மூன்று பேடும் மெஷினின் அச்சுக்கு நேராக நிற்கும். பிரிண்டர் 0.2 தப்பாகப் போட்டிருந்தாலும் இனி அதற்கு இந்த ஜாபின் அளவோடு சம்பந்தமில்லை.

இதற்குப் பிறகு ஒரு ஜாபை வைத்து, கிளாம்ப் இறுக்காமல், மூன்று பேடிலும் சிகரெட் பேப்பர் கனத்தில் ஒரு தாள் துண்டு வைத்து இழுத்துப் பாருங்கள். மூன்றும் பிடித்தால் சரி. ஒன்று நழுவினால் பிளாஸ்டிக் எங்கேயோ ஜாபைத் தூக்கிப் பிடிக்கிறது, இடிக்கும் இடத்தை மார்க்கரால் கண்டுபிடித்து அரத்தால் ராவிவிடுங்கள். பிறகு ஜாபின் மேல் டயல் முனையை வைத்துக்கொண்டு கிளாம்புகளை ஒவ்வொன்றாக இறுக்குங்கள். முள் 0.02-க்கு மேல் நகர்ந்தால் கிளாம்ப் பேடுக்கு நேர் மேலே இல்லை என்று அர்த்தம். ஸ்ட்ராப் முனை கரடான காதின் மேல் கீறல் போடுவதாக இருந்தால் அதற்கு டி.பி.யூ. என்ற ரப்பர் மாதிரியான பிளாஸ்டிக்கில் ஒரு மெல்லிய தொப்பி பிரிண்ட் போட்டு மாட்டலாம், ஒரு மி.மீ.க்கு மேல் கனம் வேண்டாம்.

முதல் பீஸை சிங்கிள் பிளாக்கில் (ப்ரோக்ராமை ஒவ்வொரு வரியாக), ரேபிட்டை (வெட்டாமல் நகரும் வேகத்தை) 25 சதவீதத்துக்குக் குறைத்து ஓட்டுங்கள், கதவு மூடியிருக்கட்டும். 5 மி.மீ. ட்ரில், எம்6 டேப். குருட்டு ஓட்டை என்றால் ஸ்பைரல் ஃப்ளூட் டேப், சுருள் மேலே வரும். கூலன்ட் நன்றாக ஓடட்டும், டூல் சூட்டை விட சுருள் பிளாஸ்டிக்கில் ஒட்டாமல் கழுவிக்கொண்டு போவதற்காக.

வைஸ் ஜா பற்றி

பலருக்குத் தட்டு, ப்ளக் எல்லாம் வேண்டாம், வைஸில் மாட்ட ஜாபின் வடிவத்தில் சாஃப்ட் ஜா (வைஸின் வாயில் மாட்டும் மென்மையான கட்டை) மட்டும் போதும். அதையும் பிரிண்ட் போடலாம், 25 மி.மீ. கனத்துக்குக் குறையாமல், ஜா முழுக்க அழுத்தத்திலேயே இருக்கும்படி, அதாவது பின்பக்கம் முழுவதும் வைஸின் இரும்போடு ஒட்டி இருக்கும்படி. ஜாபின் அடி வைஸ் படுக்கையிலோ இரும்பு பேரலலிலோ உட்காரட்டும், ஜாவில் ஒரு படி வைத்து அதன் மேல் உட்கார வைக்காதீர்கள். இங்கே பிரச்சினை பிளாஸ்டிக் இல்லை, வைஸ் கைப்பிடி. 6 அங்குல வைஸ் இரண்டு டன், மூன்று டன் அழுத்தம் சாதாரணமாகக் கொடுக்கும். கைப்பிடியில் பைப்பைச் செருகி முறுக்கும் பழக்கம் உள்ள ஷாப்பில் பிரிண்ட் ஜா ஒரு ஷிஃப்ட் தாங்காது. டார்க் ரெஞ்ச் போட்டு அளவு குறித்துக் கொடுங்கள், பைப்பை எடுத்து ஒளித்து வையுங்கள்.

தேய்மானமும் மாற்றமும்

பிளாஸ்டிக் உடல் தேயும், சுருள் குத்தும், எப்போதாவது ஒரு டேப் உடைந்து பள்ளம் விழும். மாற்றிவிடுங்கள், ஒட்டுப்போட்டுக் காலம் தள்ள வேண்டாம். ஒரு கிலோ பெட்ஜி ஆயிரம் ரூபாயை ஒட்டி வரும், இந்த உடல் அதில் பாதிக்குள் முடிந்துவிடும். அதற்காகத்தான் ஃபைலை ஒழுங்காக வைக்கச் சொல்வது. ஜாப் நம்பர், திருத்த எண், பிரிண்ட் போட்ட மாதம் மூன்றையும் உடலின் பக்கவாட்டில் எழுத்தாகவே மாடலில் பொறித்துவிடுங்கள். அலமாரியில் ஒரே மாதிரி மூன்று உடல் கிடந்து எது கடைசித் திருத்தம் என்று தெரியாமல் பழையதை மாட்டி ஓட்டினால் ஏற்படும் சேதத்துக்கு இந்த எழுத்து எவ்வளவோ மலிவு.

ஆர்டர் முந்நூறிலிருந்து மாதம் ஐயாயிரம் என்று உயர்ந்தால் பிளாஸ்டிக்கை வைத்து இழுத்தடிக்க வேண்டாம், அலுமினியத்துக்குப் போய்விடுங்கள். தட்டு, ப்ளக், பேடு, ஸ்டாப் எதுவும் மாறாது. அதே மாடல் ஃபைலை கேம் என்ற, மெஷின் ப்ரோக்ராம் போடும் மென்பொருளில் திறந்து, மூலைகளுக்கு எண்ட் மில் நுழையும் அளவுக்கு ரேடியஸ் கொடுத்து, அலுமினியக் கட்டையில் ஓட்டி அதே போல்ட்டுகளில் மாட்டினால் முடிந்தது. அதற்குள் எந்த ரிப் இடிக்கும், எந்த இடத்தில் சுருள் தேங்கும், ஆபரேட்டர் எந்தப் பக்கத்திலிருந்து மாட்டுகிறார் என்பதெல்லாம் பிளாஸ்டிக்கில் ஓட்டிப் பார்த்தே தெரிந்திருக்கும்.